ஆர்லிஸின் ஐந்தாவது ஸ்கோப்

வாயைப் பாதி திறந்து, இடது கண்ணை இறுக மூடி, என் கடைக் கண்ணாடி வழியாக எதிரே இருக்கும் தீவனக் கிடங்கின் பெயர்ப்பலகையைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறார் ஆர்லிஸ் கோல்ட்வெல். கையில் துப்பாக்கி இல்லை. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்ட அதன் மேல் பொருத்துகிற ஸ்கோப் மட்டும்தான். வளையத்தைத் திருப்புகிறார், பலகை பெரிதாகிறது. மறுபடி திருப்புகிறார், சிறிதாகிறது. "ம்ஹும்" என்கிறார். பிடித்திருக்கிறது என்ற ம்ஹுமா, பிடிக்கவில்லை என்ற ம்ஹுமா? பதினோரு வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கும் எனக்கே பிடிபடவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

டெல்வின் ஊரில் ஆர்லிஸை எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பேருந்தின் நான்காம் தடத்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். எந்த வீட்டு நாய் சக்கரத்தைத் துரத்தும், எந்தப் பிள்ளை ஒரு காலில் ஷூவோடு ஓடிவரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஹார்ன் அடிக்க மாட்டார், விளக்கை இரண்டு முறை சிமிட்டுவார். என் மகள் டெஸ்ஸா ஏழாவது நிறுத்தத்தில் ஏறுகிறாள். அவளுக்கு வீட்டில் நான் சொல்வதைவிடப் பேருந்தில் ஆர்லிஸ் சொல்வதுதான் வேதவாக்கு.

பேருந்து போக மிச்ச நேரத்துக்குப் பன்னிரண்டு ஏக்கர் நிலக்கடலை. அங்கேதான் வந்தது வினை. மே மாதம் விதைத்த மறுநாளே காட்டுப்பன்றிகள் வந்தன. சால் பிடித்துக்கொண்டு, ஒரு விதை விடாமல், நேர்கோட்டில் தோண்டித் தின்றுவிட்டுப் போயின. "அதுங்களுக்கு நான் பந்தி போட்ட மாதிரி இருக்கும்மா. வரிசையா உக்காந்து தின்னுட்டுப் போயிருக்குதுங்க" என்றார். மறுபடி விதைத்தார். மறுபடி வந்தன. அன்றைக்குத்தான் துப்பாக்கிக்கு ஸ்கோப் வேண்டும் என்று என் கடைக்குள் நுழைந்தார்.

பன்றி இருநூறு கெஜத்துக்கு அப்பால் வயலிலும் நிற்கும், புதருக்குள் பதினைந்து அடியிலும் நிற்கும். அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற ஸ்கோப்பாக வேண்டும். ஒன்றில் வைத்தால் வெறுங்கண்ணால் பார்ப்பது போல, வளையத்தைத் திருப்பினால் ஆறு மடங்கு. இதில் எட்டு மடங்கு உண்டு, பத்து உண்டு. உள்ளே தெரியும் குறிக்கோடு படத்தோடு சேர்ந்து பெரிதாகும் வகை உண்டு, ஆகாத வகையும் உண்டு. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அந்தப் புள்ளியைப் பன்றியின் மேல் வைத்தால் வேலை முடிந்தது. ஆர்லிஸுக்கு மட்டும் முடியவே இல்லை.

"ஏம்மா வெல்டா, கோடு பெருசாகுறது நல்லதா, ஆகாதது நல்லதா?"

"அண்ணே, போன வாரமும் இதையேதான் கேட்டீங்க."

"போன வாரம் என்ன சொன்னே?"

"ஆகாததுன்னேன்."

"அதை வாங்கிட்டுப் போயி டாய்ல்கிட்ட காட்டுனேன். இதை எவன்டா உன் தலையில கட்டுனான்னு கேக்குறான்."

டாய்லும் எமெட்டும் அவருடைய கூட்டாளிகள். காலை நேரத்தில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சிற்றுண்டிக் கடையின் மூலை மேஜையில் மூவரையும் பார்க்கலாம். முன்னால் பிஸ்கெட் என்கிற மெத்தென்ற குட்டி ரொட்டியும் அதன் மேல் ஊற்றிய வெள்ளைக் குழம்பும் ஆறிக்கொண்டிருக்கும்.

"எட்டு மடங்கு வாங்குடா. ஆறு வாங்குனவனெல்லாம் ஆறு மாசத்துல எட்டு வேணும்னு அழுவான்" என்பார் டாய்ல்.

"எட்டாம்ல எட்டு! அந்தக் கனத்துக்குத் துப்பாக்கி தூக்கவே தனியா ஒரு ஆள் போடணும்" என்பார் எமெட். "நாலு போதும். எங்கப்பா வெறுங்கண்ணால சுட்டாரு."

"உங்கப்பா சுட்டது பக்கத்துப் பண்ணைக் கன்னுக்குட்டியை. அதைச் சொல்லேன்!"

ஆர்லிஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்திருக்கும்போது, உட்கார்ந்தபோது இருந்ததைவிட இன்னும் குழம்பியிருப்பார்.

இரண்டாவது ஸ்கோப்பை வாங்கிப் போனபோது ஒரு கூத்து நடந்தது. விடிந்தும் விடியாத நேரம். வயலின் மறுகோடியைப் பார்ப்பதற்காக வளையத்தை ஆறில் வைத்தவர் திருப்பி ஒன்றுக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். பக்கத்துப் புதரிலிருந்து பெரிய பன்றி ஒன்று வந்து நின்றது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஒரே மயிர்.

"மயிருன்னா மயிரு, அப்படி மயிரு. எங்க தலை, எங்க வாலுன்னே தெரியல. நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிருச்சும்மா. சலிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

வாங்கிய ஒவ்வொன்றையும் திருப்பிக் கொண்டுவந்தார், அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். பெட்டி நசுங்காது. குட்டித் திருகுசாவி இருக்கும், துடைக்கும் துணி மடிப்புக் கலையாமல் இருக்கும். மனைவி லுரீன் பீக்கன் பருப்பு போட்டுச் சுட்ட இனிப்புப் பணியாரம் ஒரு துண்டு மேலே இருக்கும். அதனால்தான் என்னால் கோபப்பட முடியவில்லை. குறை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றே. "புள்ளி உருண்டையா இல்லம்மா. வால் முளைச்சு, வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது." நான்கு வேறு வேறு கம்பெனிகளின் ஸ்கோப். நான்கிலும் வால்.

எனக்கு மூன்றாவதிலேயே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டியது, தள்ளிவிட்டேன். அதுதான் உண்மை.

அப்படிக் கண்ணாடி வழியாகக் குறிபார்த்து வாங்கிப் போன ஐந்தாவதோடு போன சனிக்கிழமை வந்தார். முகம் சிவந்திருந்தது. "இதுவும் கெட்டதும்மா. உங்க கடைக்கு வர்றதெல்லாமே இப்படித்தானா?"

வாங்கிப் பார்த்தேன். புள்ளி மிளகு போல உருண்டையாக இருந்தது. போனை வைத்துப் படம் எடுத்துக் காட்டினேன். படத்திலும் உருண்டை.

"போனு அழகாக்கித்தான் காட்டும். என் பேத்தி எடுத்த போட்டோல எனக்கே சுருக்கம் கிடையாது" என்று தள்ளிவிட்டார்.

"சரிண்ணே. கண்ணுல வச்சபடியே ஸ்கோப்பை மட்டும் மெதுவா உருட்டுங்க. வாலும் கூடச் சுத்துதான்னு பாருங்க."

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற சோதனை இது. வால் சுற்றினால் கோளாறு ஸ்கோப்பில். சுற்றாமல் நின்றால் பார்க்கிறவர் கண்ணில். ஆர்லிஸுக்கும் நன்றாகத் தெரியும். போன வருடம் எமெட்டின் ஸ்கோப்பை இதே கவுண்டரில் உருட்டிப் பார்க்கச் சொல்லி, "கோளாறு உன் கண்ணுலதான்டா, கிழவா" என்று கையைத் தட்டிச் சிரித்தவரே அவர்தான். ஐந்து ஸ்கோப் வாங்கிய மனிதர் தன்னுடையதை ஒரு முறைகூட உருட்டிப் பார்த்திருக்கவில்லை.

உருட்டினார். கால் சுற்று, அரைச் சுற்று. திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது.

"சுத்துதாண்ணே?"

"தெரியலம்மா."

"வால் எங்க இருக்கு?"

மறுபடி முதலிலிருந்து முழுச் சுற்றும் உருட்டினார். "அங்கேயேதான் இருக்கு" என்றார். ஸ்கோப்பைக் கீழே வைக்கவில்லை. இன்னும் அதற்குள் பார்த்தபடியே பேசினார். "சாயங்காலம் எதிர்க்க வர்ற வண்டி லைட்டுக்கும் இப்படித்தான் வால் முளைக்குது. ரெண்டு வருசமாச்சு. பஸ் கண்ணாடி அழுக்குன்னு நினைச்சேன். தினம் தொடைக்கிறேன்."

குளிர்காலத்தில் டெஸ்ஸா இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். பேருந்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனையைப் பற்றி இந்த வசந்தத்தில் இதே மனிதர் சொன்னதும் ஞாபகம் வந்தது. "அந்த எழுத்துப் பலகை எனக்கு மனப்பாடம்மா. கீழேயிருந்து மேலேகூட ஒப்பிப்பேன்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்திருந்தேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம். இந்த வருடப் பரிசோதனை திங்கட்கிழமை. புதன்கிழமை பள்ளி திறக்கிறது.

"கண்ணாடி போட்டா சரியாப் போயிரும்ணே, பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும்" என்றேன். "பக்கத்துப் பெரிய ஊர்ல கண் டாக்டர் சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் இருப்பாரு."

"சரியாப் போகலேன்னா?"

நான் அவர் கையிலிருந்த ஸ்கோப்பை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

"அந்த ரெண்டாவது ஸ்கோப்பு நல்ல ஸ்கோப்புதான், இல்ல?" என்றார்.

"அஞ்சுமே நல்ல ஸ்கோப்புதாண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். தொப்பியைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டார். அவருடைய பிக்கப் வண்டி வாசலிலேயே நின்றது. கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பவில்லை. நான் தொப்பியை எடுத்துக்கொண்டேன். மணி இரண்டே கால்.

பிறகு இறங்கினார். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நான் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நேரே முன்னால் பார்த்தபடி, ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார்.