இரண்டும் சிவப்பு

பெரிய மார்க்கெட்டில் மணிக்கூண்டுப் பக்கம் பூ விற்ற கமலவேணிக்குக் கைராசி உண்டு என்று முதலில் கிளப்பிவிட்ட புண்ணியவதி யாரென்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் அம்மாவோடு வந்து உட்கார்ந்தவள். எழுபத்தைந்தாம் வருஷம் அம்மா போன பிறகும் அதே சாக்கு, அதே கூடை, அதே வாழைநார். முழம் போடும்போது முழங்கையை மடக்கி ஏமாற்றாதவள் என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேர்தான் அவளுக்கு வினையாக வந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் ஒரு விஷயம் செய்வதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே போனால், மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பார்கள். ஓர் இலைத்துண்டில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. வெளியே தெரியாமல் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைத்தால், பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மற்றதைப் பிரிக்காமல் கடலில் போட்டுவிட வேண்டும். எதில் எது என்று கேட்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதால் பொட்டலத்தை வெளியாள்தான் கட்ட வேண்டும். அவள் குடியிருந்த முதலியார்பேட்டையில் பாதி வீடுகளுக்கு அந்த வெளியாள் கமலவேணி.

எண்பத்திரண்டில் துணி மில் கதவு மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. கமலவேணியின் புருஷன் ஆதிமூலமும் பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தின் புருஷன் மாரியப்பனும் ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள். இப்போது இருவரும் வீட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மில் இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று தினம் ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போவான். அப்படிச் சொன்னவன் வாயில் மண்ணைப் போட்டால் என்ன என்று கமலவேணிக்குத் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரஞ்சிதம் கடைக்கு வந்து குந்தினாள்.

"வேணி, ரெண்டு பொட்டலம் கட்டிக்குடுடி. இங்க மேட்டுப்பாளையத்துல புதுசா ஒரு கம்பெனி. ஒரே ஒரு ஆளுதான் வேணுமாம். இவர வரச் சொல்லியிருக்காங்க. ஆனா அங்க போனா மில்லுல கணக்க முடிச்சிக்கணும். மில்லு தொறந்துட்டா இன்னா பண்றதுன்னு பயமா இருக்கு. ஆத்தாளயே கேட்டுடலாம்."

கமலவேணி இலையை எடுத்தாள். முதலில் சிவப்புக்கு ஓர் அரளி. கட்டினாள். இரண்டாவது இலையில் வெள்ளைக்கு நந்தியாவட்டை வைக்க வேண்டும். அது கூடையில் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு ஆள் என்று ரஞ்சிதம் சொன்னது காதிலேயே நின்றது. காலையில் வீட்டில் கஞ்சிப்பானையைச் சுரண்டிய சத்தமும் நின்றது. ரஞ்சிதம் வேறு பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கமலவேணியின் கை இன்னொரு அரளியை எடுத்து இலைக்குள் வைத்து மடித்தது. கை என்ன தானாகவா போகும்? அவள்தான் வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ரஞ்சிதம் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"செவப்பு வந்துச்சு வேணி. மனசு கேக்காம தப்புப் பண்ணிட்டேன்டி. இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துட்டேன். அதுவும் செவப்பு!"

மாட்டிக்கொண்டோம் என்று கமலவேணி நார்ச்சுருளைக் கீழே வைத்தாள்.

"நீ வெச்ச வெள்ளைய ஆத்தாளே மாத்திட்டாடி! அவ்ளோ அழுத்தமா போவாதேங்கறா. மில்லு தொறக்கப்போவுது." ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வேலை சும்மாதானே போவுது? ஆதிமூலம் அண்ணன அனுப்பி வையேன். நான் இவர விட்டுச் சொல்லச் சொல்றேன்."

திருடப் போன வீட்டில் வீட்டுக்காரியே கதவைத் திறந்துவிட்டு விளக்கும் பிடித்தால் எப்படி இருக்கும்? கமலவேணி வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆதிமூலம் சாப்பாட்டுத் தூக்குடன் மேட்டுப்பாளையம் போனான். அன்று மாலை அவள் வீட்டில் குழம்பு கொதித்தது. ஒரு கிண்ணம் ரஞ்சிதம் வீட்டுக்கும் கொடுத்தாள். வெட்கங்கெட்ட கிண்ணம்.

மாரியப்பன் மார்க்கெட்டில் மீன்கூடை தூக்க வந்தான். தறி ஓட்டிய மனிதன், கழுத்து நரம்பு புடைக்க, தலையிலிருந்து மீன்தண்ணீர் வழிய, தினமும் அவள் கடையைத் தாண்டிப் போனான். அவன் வரும் நேரத்தில் கமலவேணி குனிந்து கூடைக்குள் எதையோ தேடுவாள். அவனோ நின்று சிரித்துவிட்டுப் போவான். "தொறந்துடும்மா. ரெண்டும் செவப்பில்ல?" என்பான். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் சாந்தியைப் படிப்பை நிறுத்தி வெள்ளைக்காரத் தெருவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பினார்கள். அந்தப் பெண் போகிற வழியில் பூ கேட்டால் கமலவேணி காசு வாங்கமாட்டாள். நல்ல மனசு என்று ஊர் சொன்னது.

இன்னும் ஒரு வருஷம் கழித்து மில் திறந்தது. மாரியப்பன் பழையபடி தறிக்குப் போனான். பார்த்தாயா, அம்மன் வாக்கு பலித்துவிட்டது என்று கமலவேணியும் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். சாந்தி மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த இடத்தில் வந்து எல்லாச் சமாதானமும் நொண்டியது.

எண்பத்தாறு ஆவணியில் ரஞ்சிதம் திரும்பவும் வந்து குந்தினாள். சாந்திக்கு நோணாங்குப்பத்திலிருந்து ஒரு வரன்.

"பையன் நல்லவன்னும் சொல்றாங்க, குடிப்பான்னும் சொல்றாங்க. நீ கட்டிக்குடு வேணி. உன் கையில ஆத்தா இருக்கா."

கமலவேணி இலையை எடுத்தாள். சாந்தியின் வாழ்க்கையில் இன்னொரு முறை கை வைக்க அவளால் முடியவில்லை. இலையைக் கீழே போட்டாள்.

"அக்கா, அன்னிக்கு ஆத்தா மாத்தல. ரெண்டுலயும் அரளிய வெச்சது நான்தான். எங்க ஊட்டுக்காரருக்கு அந்த வேலை கெடைக்கட்டும்னு."

ரஞ்சிதம் கத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தாள். இழுத்திருந்தால் பாரம் குறைந்திருக்கும். ரஞ்சிதம் கீழே கிடந்த இலையை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

"அந்த மனுசன் கூடை தூக்கிட்டு வந்து கழுத்து வலியில புரளும்," என்றாள். "ரெண்டும் செவப்பு, ரெண்டும் செவப்புன்னு சொல்லிக்கினே தூங்கும். அத வெச்சித்தான் அது உசுரோட இருந்துச்சு. அதுகிட்ட இத சொல்லிடாத. உன் கால்ல வேணா உழறேன்."

"ஐயோ, அக்கா..."

"பொட்டலம் வேணாம். பையன நானே போய்ப் பாக்கறேன். சாந்தி மனசுல இன்னா இருக்குன்னு அவளயே கேக்கறேன். முன்னயே கேட்டிருக்கணும்."

எழுந்து போய்விட்டாள். இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று கமலவேணி நினைத்தாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே ரஞ்சிதம் வந்தாள். கடையை மாற்றினால் ஏன் என்று புருஷன் கேட்பான் அல்லவா? கமலவேணி அவசரமாக ஒரு முழம் மல்லிகையை அளந்து நீட்டினாள்.

"கட்டுனது வேணாம். உதிரியா குடு."

ரஞ்சிதம் அவள் எதிரிலேயே குந்தி, மடியிலிருந்து தன் நாரை எடுத்து, பழக்கமில்லாத விரல்களால் ஒவ்வொரு பூவாகக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். கட்டி முடிக்கும்வரை கமலவேணி தலை நிமிர மாட்டாள்.