நடுநிலையாளர் எந்தக் கட்சி?

தினமும் யாராவது நம் மேல் கோபித்துக்கொள்ள வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்கிற தொழில் ஒன்று உண்டென்றால், அது பத்திரிகையில் தேர்தல் விமர்சனம் எழுதுவதுதான்.

நீங்களும் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிற வீட்டில் ஒரு தேர்தலையாவது கழித்திருப்பீர்கள். சாப்பிடும்போது எதைப் பேசினாலும் சண்டையில் முடியும் என்று பயந்து, ரசத்தில் உப்பு குறைவு என்பதைக்கூடச் சொல்லாமல் எழுந்து போயிருப்பீர்கள். அந்த அவஸ்தையைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பல வருஷம் அனுபவித்தேன், மான்ட்ரியலில்.

என் கணவர் சுந்தரம் பாலங்கள் வடிவமைக்கும் இன்ஜினியர். அறுபதுகளின் கடைசியில் அவருக்கு அங்கே வேலை கிடைத்து, மயிலாப்பூரிலிருந்து நேரே பனிக்குள் போய் இறங்கினோம். நான் சென்னையில் அரசியல் எம்.ஏ. படித்தவள். வீட்டில் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்க்கப் போனேன். ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு நீள அறைதான் ஆபீஸ். முதலாளியும் ஆசிரியருமான லெஸ்லி, அச்சுக்கோக்கும் ஜினெட், நான். லெஸ்லி ஆங்கிலேய வம்சம். ஜினெட் பிரெஞ்சுக்காரி.

அந்த மாகாணத்தில் அப்போது ஒரே கேள்விதான். பிரெஞ்சு பேசுகிற கியூபெக், இங்கிலீஷ் பேசுகிற கனடாவோடு இருப்பதா, பிரிந்து தனிநாடாகப் போவதா? கட்சிகளின் பிரெஞ்சுப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நானும் சுந்தரமும் வீட்டில் ‘இருப்போம் கட்சி’, ‘போவோம் கட்சி’ என்றே சொல்லிக்கொள்வோம். லெஸ்லி இருப்போம். ஜினெட் போவோம். நடுவில் என் மேஜை.

முதல் கட்டுரை

எங்கள் பத்திரிகையில் தேர்தல் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு மந்திரிக்கு உதவியாளராக ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். நான் அரசியல் படித்தவள் என்பது ஞாபகம் வந்து, லெஸ்லி அந்தப் பத்தியை என்னிடம் கொடுத்தார். அதற்குப் பெயர் ‘நடுநிலையாளர்’. எழுதியவர் பெயர் போடுவதில்லை. நான் அந்தப் பெயரை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இரண்டு கட்சிகளிலும் எது நல்லது, எது கெட்டது என்று பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல எழுதிக்கொண்டு போனேன்.

லெஸ்லி படித்துப் பார்த்தார். நடை அழகாக இருக்கிறது என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, போவோம் கட்சியைப் பற்றி நான் எழுதியிருந்த நல்லதையெல்லாம் அடித்தார். இருப்போம் கட்சியைப் பற்றி எழுதியிருந்த கெட்டதையெல்லாம் அடித்தார். சென்னையில் நான் பார்க்காத கட்சிப் பத்திரிகையா? ஆனால் அங்கே முதல் பக்கத்திலேயே கொடியைப் போட்டுவிடுவார்கள். படிக்கிறவன் தெரிந்துதான் வாங்குவான். இங்கே நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்களே என்று தாங்கவில்லை. நான் எழுதியதில் எது தவறு என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே பதில் சொன்னார்.

“ஒன்றுகூடத் தவறில்லை, மிஸஸ் சுந்தரம். அதனால்தான் எடுத்துவிட்டேன், வாசகர்கள் குழம்பிப் போவார்கள்.”

பைப் பிடிக்கும் பெரியவர்

கொஞ்ச நாளில் எனக்கு அந்த நடை பழகிவிட்டது. பொய் எழுதமாட்டேன், ஆனால் எந்த உண்மையை எழுதுவது என்பதை லெஸ்லி முடிவு செய்யலாம் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். வாசகர்கள் நடுநிலையாளரை, வாயில் பைப்போடு கணப்பின் முன் உட்கார்ந்திருக்கும் ஸ்காட்லாந்துப் பெரியவராகக் கற்பனை செய்து வைத்திருந்தார்கள். அவருடைய மூட்டுவலிக்கு யாரோ தைலம்கூட அனுப்பி வைத்தார்கள். அதை சுந்தரம்தான் தேய்த்துக்கொண்டார்.

ஒருநாள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். கோட்டும் தொப்பியும் அவ்வளவு சுத்தம். நடுநிலையாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகவேண்டும் என்றார். லெஸ்லி வெளியே போயிருந்தார். ஜினெட் விரலால் என்னைக் காட்டினாள். அவர் என் புடவையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். நான் எழுந்து கை கொடுத்தேன். அவரும் கொடுத்தார். மனிதர் மரியாதை தெரிந்தவர். போன வாரக் கட்டுரையில் எந்தெந்த வரி பிடித்தது என்று மனப்பாடமாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி நின்று, மனப்பூர்வமாகவே கேட்டார்.

“நீங்கள் எழுதுகிற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் அம்மணி, ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் இங்கே வந்து குவிகிறார்களே, அதைக் கண்டித்து எப்போது எழுதப் போகிறீர்கள்?”

ஓர் எழுத்துப்பிழை

இது சிரிக்கிற சம்பவம் இல்லை. எழுபதாம் வருஷத்து இலையுதிர் காலத்தில், தனிநாடு கேட்ட ஒரு சின்னக் கும்பல் துப்பாக்கியும் கையுமாக இறங்கி ஆள் கடத்தியது. ஒருவர் கொலையானார். பட்டாளம் வந்துவிட்டது. காய்கறி வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் பஸ்ஸில் போனால், வழியில் ஹெல்மெட் போட்ட சிப்பாய்கள் நிற்கிறார்கள். வாரன்ட் இல்லாமல் யாரையும் பிடிக்கலாம் என்று சட்டம். ஜனநாயக நாடு என்று நம்பி வந்தவள் நான். கத்தரிக்காய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஜினெட்டின் தம்பி லூக் கல்லூரி மாணவன். போவோம் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியதைத் தவிர அவன் ஒன்றும் செய்ததில்லை. அதிகாலையில் போலீஸ் வந்து, அவனையும் அவன் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஜினெட் வழக்கம்போல வேலைக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள். என்னால் அந்த வாரம் பேனாவைத் தொட முடியவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். லெஸ்லி வற்புறுத்தவில்லை. நடுநிலையாளரைத் தானே எழுதினார். அரசாங்கம் செய்ததே சரி, குற்றமற்றவர்கள் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று எழுதி ஜினெட்டின் மேஜையில் வைத்தார். வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் போனது போலீஸ் தலைமையகத்துக்கு. தனக்குத் தெரிந்த கட்சிக்காரர்களுக்கெல்லாம் அங்கிருந்தே போன் போட்டு, பெஞ்சில் பகல் முழுக்க உட்கார்ந்து, பையன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடித்து, அவன் அக்கா கொடுத்ததாகச் சொல்லி ஒரு ஸ்வெட்டரையும் உள்ளே அனுப்பிவிட்டு வந்தார். அது லெஸ்லியின் ஸ்வெட்டர். லூக் நலமாக இருக்கிறான் என்று அவர் வந்து சொன்னபோது, எனக்கு இந்த மனிதரை எதில் சேர்ப்பது என்று புரியவில்லை. அந்தக் கட்டுரையை அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. ஜினெட் அதற்குள் அச்சுக்கோத்து முடித்திருந்தாள். புரூஃபை நான்தான் பார்த்தேன், ஒரு வரி மாறவில்லை. ஜினெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் அதை நீட்டினாள்.

“குற்றமற்றவர்கள் என்ற வார்த்தையில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது மிஸ்டர் லெஸ்லி, திருத்திவிட்டேன்.”

லூக்கைச் சில வாரங்கள் கழித்து, எந்தக் குற்றமும் சாட்டாமல் வெளியே விட்டார்கள். ஸ்வெட்டர் அவனிடமே இருந்துவிட்டது.

என் ஓட்டு

குடியுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் மாகாணத் தேர்தல். எத்தனையோ தேர்தலைப் பற்றி எழுதியவள், அந்த மாகாணத்தில் முதல் முறை ஓட்டுப் போடப் போகிறேன். பட்டுப்புடவை கட்டி, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஜிம்முக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் பெயரைத் தேடிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மிஸஸ் வசந்தா சுந்தரம் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றாள்.

கள்ள ஓட்டெல்லாம் நம் ஊர்ச் சமாசாரம் என்று இறுமாப்போடு இருந்தவள் நான். பாஸ்போர்ட்டை எடுத்துப் போட்டேன். மேலதிகாரி வந்தார். நான் நான்தான் என்று சத்தியம் செய்தால் ஓட்டுப் போடலாம் என்றார். பைபிளை நீட்டினார்கள். நான் இந்து என்றேன். அப்படியானால் கையைத் தூக்கிச் சொன்னால் போதும் என்றார்கள். அந்த ஜிம்மின் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று, நான்தான் வசந்தா என்று கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு ஓட்டைப் போட்டேன். இது எந்தக் கட்சியின் வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லெஸ்லி அந்தப் பக்கம் என்றார், ஜினெட் இந்தப் பக்கம் என்றாள். எனக்கு மறக்காதது, அந்த மேஜை அம்மாள் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னதுதான்.

“அந்த மிஸஸ் சுந்தரத்துக்குப் பொன்னிறத் தலைமுடி, எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது, ஆனால் பெயரை உங்களைவிட வேகமாகச் சொன்னார்.”

புரோசார்ட்டில் ஒரு மத்தியானம்

வாரம் முழுக்க ஆபீஸ் சண்டையில் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானும் சுந்தரமும் நம் ஜனங்களோடு நிம்மதியாக இருக்கலாம் என்று போவோம். பேராசிரியர் விஸ்வநாதன், மான்ட்ரியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் புரோசார்ட்டில் புது வீடு வாங்கியிருந்தார். டாக்டர்கள், இன்ஜினியர்கள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு வருவார்கள். மான்ட்ரியலில் பட்டாளம் வந்தபோது தனிமனித உரிமை பற்றி அவர் எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவர். அவர் பேச்சைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். அவ்வளவு உருக்கம்.

எழுபதுகளின் நடுவில் இந்தியாவில் நெருக்கடி நிலை வந்தது. அந்த ஞாயிறு நான் வத்தக்குழம்பை அடுப்பில் சுடவைத்துக்கொண்டே, பேராசிரியர் இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று ஆவலாகக் காத்திருந்தேன். ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்றார். நம் ஜனங்களுக்கு ஒரு கண்டிப்பு வேண்டியதுதான் என்றார். என் சித்தப்பா சென்னையில் பத்திரிகைக்காரர். அவர் ஆபீஸில் ஒவ்வொரு பக்கத்தையும் அதிகாரி பார்த்த பிறகுதான் அச்சிட முடிகிறது என்று எங்களுக்குச் சேதி வந்திருந்தது. அதைச் சொன்னேன். கொஞ்ச நாளைக்குத்தானே என்றார். அவர் மனைவி கல்யாணி எல்லோருக்கும் இன்னொரு தடவை அப்பளம் போட்டாள். எனக்குக் குரல் ஏறிவிட்டது. அப்படியானால் நீங்கள் ஏன் சார் திரும்பிப் போய் அந்தக் கண்டிப்பில் இருக்கக் கூடாது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அங்க இருக்கறவங்களுக்கு அதுதாம்மா நல்லது, நாமதான் இங்க இருக்கோமே.”

ஜெயித்த பிறகு

அடுத்த மாகாணத் தேர்தலில் போவோம் கட்சி ஜெயித்துவிட்டது. ஜெயிக்கவே ஜெயிக்காது என்று நடுநிலையாளர் வாராவாரம் எழுதியிருந்தார். அதாவது நான் எழுதியிருந்தேன். காலையில் ஆபீஸுக்குப் போனால் லெஸ்லி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் டொராண்டோவுக்குக் குடிபோகிறோம், பத்திரிகை வேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஜினெட் வந்தாள். கொண்டாடிய களைப்பும் சந்தோஷமும் முகத்தில் அப்படியே இருந்தன. லெஸ்லியைப் பார்த்ததும் அதைத் துடைத்தாற்போல மாற்றிக்கொண்டு, கீழே போய் அவருக்குக் காபி வாங்கி வந்தாள். அவர்கள் ஜெயித்தால் மறுநாளே ஊரைக் காலி செய்வேன் என்று வருஷக்கணக்காகச் சொன்ன மனிதர், அந்தக் காபியைக் குடித்துவிட்டு, பிரெஞ்சு வகுப்பு எங்கே நடக்கிறது என்று அவளிடம் கேட்டார். ஐம்பது வயதுக்கு மேல் வினைச்சொல்லை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் தப்புத் தப்பாக போன்ஜூர் சொன்னார்.

ஊரை விட்டுப் போனது ஜினெட். அவள் கணவன் வேலை பார்த்த கம்பெனி, புது ஆட்சிக்குப் பயந்து தலைமை அலுவலகத்தை டொராண்டோவுக்கு மாற்றியது. வருகிறாயா, வேலையை விடுகிறாயா என்று அவனைக் கேட்டார்கள். இரண்டு குழந்தைகள். அவள் மூன்று வாரம் அழுதாள். தனிநாட்டுக்காகத் தம்பியைச் சிறைக்குக் கொடுத்தவள், இங்கிலீஷ் பேசும் ஊருக்குக் குடித்தனம் போகிறாள். கடைசி நாள் நானும் லெஸ்லியும் அவள் பெட்டிகளைப் படியில் இறக்கினோம். லெஸ்லி தான் கற்ற பிரெஞ்சில் ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவள் என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தமிட்டாள். ஒரு கணம் சிரிக்கவும் செய்தாள்.

“பார்த்தாயா வசந்தா, நாங்கள் ஜெயித்தோம், நான் போகிறேன், அவர் தோற்றார், அவர் இருக்கிறார்.”

இத்தனை தேர்தல்களைப் பற்றி எழுதியதில் எந்த வாரமும் என் கணிப்பு பலிக்கவில்லை என்றாலும், கட்சிக்காரர்கள் தங்கள் கட்சி சொன்னபடி நடந்துகொள்ளாத நாட்களில்தான் அந்த மாடி அறையில் மூன்று பேரும் நிம்மதியாக வேலை பார்த்தோம்.