மரணச் சங்கத்துச் சாவி

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவியோரம். ஊருக்கு ஒரு மரணச் சங்கம் உண்டு. சாவு விழுந்தால் பந்தல் தகரம், கம்பு, இருக்கக் கதிரை, சோறாக்கப் பெரிய கிடாரம் எல்லாம் சங்கம் தரும். குழி வெட்டவும் சங்கத்து ஆட்கள்தான் வருவார்கள். சாமான்கள் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் கிடக்கும். அந்த அறைச் சாவி தலைவரின் இடுப்பில் தொங்கும்.

அவரைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஊரில் ஒரு கதிரை இல்லை. செத்தவர்களைப் பாயில் சுற்றிக் கொண்டுபோனோம். அவர்தான் ஓடித்திரிந்து இவ்வளவும் சேர்த்தார். முதலில் நல்ல மனிதர். பிறகு அந்த அறை அவருடையதாகிவிட்டது.

வருடக் கூட்டத்தில் கை தூக்கித் தலைவரைத் தெரிவுசெய்வோம். அவர் முன்னுக்கு நின்று முகம் முகமாகப் பார்ப்பார். எல்லாக் கையும் எழும்பும். ஒருமுறை என் மச்சான், அக்காவின் புருசன், எழும்பினார். அவரும் என்னைப்போல மீன்பிடிக்காரர்.

"இந்த முறை வேற ஒராள் இருந்து பாக்கட்டுமே."

தலைவர் சிரித்தார். "பாப்பமே" என்றார்.

அடுத்த மாதம் மச்சானின் தாய் செத்துப்போனாள். நான்தான் சாவிக்குப் போனேன்.

"சாவியக் காணல்ல மனே."

சாவி இடுப்பில் ஆடியது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"மறுகா தேடிப் பாக்கிறன். நீ போ."

வைகாசி வெயில். எங்கள் பக்கம் பெட்டியை முற்றத்துப் பந்தலில் வைத்துத்தான் கிரியை செய்வார்கள். பந்தல் இல்லை. சேலைகளை முடிந்து நிழல் கட்டினோம். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. கிழவியின் முகத்தில் வெயில் விழுந்தது. சனம் வேலியோடு நின்று பார்த்துவிட்டுப் போனது. குழியை நானும் மச்சானும் அவருடைய தம்பியும் வெட்டினோம்.

அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. யுத்த காலத்தில் துவக்கு வைத்திருந்த எல்லாரும் எங்களை ஆண்டிருக்கிறார்கள். ஒருவர் போக மற்றவர் வந்தார். குனிந்து இருக்கப் பழகியவர்கள் நாங்கள். இவரிடம் துவக்கு இல்லை. ஒரு சாவி. அதுவே போதுமாயிருந்தது.

என் மனைவிக்குக் கிட்னி பழுது. இனிச் சுகமாகாது என்று அவளுக்கும் தெரியும். அந்தச் செத்தவீட்டுக்கு அவளும் வந்திருந்தாள்.

"நீங்க வாயத் திறக்கப்படா. அப்பிடி வெயில்ல கிடக்க எனக்கு ஏலாது" என்றாள்.

திறக்கவில்லை. வருடா வருடம் கை தூக்கினேன்.

கொழும்பில் சனம் நாட்டுத் தலைவரைத் துரத்தியதை, வலை பிரித்தபடி போனில் பார்த்தோம். மாளிகைக் குளத்தில் குதித்து நீந்தினார்கள்.

"எங்கட ஆளுக்கு நீச்சல் குளம் இல்லையே மச்சான்" என்றேன்.

"வாவி இருக்குதானே. நீ முதல்ல குதி."

சிரித்தோம். பிறகு எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம்.

போன வருடம் தலைவர் வயல் வரம்பில் விழுந்து செத்தார். இடுப்பில் சாவி இல்லை. கடைசியில் யாரையும் நம்பாமல் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்.

"எனக்கும் சொல்ல மாட்டார் தம்பி" என்று அவருடைய பெண்சாதி அழுதாள்.

ஆம்பிளைகள் அறை வாசலில் கூடி நின்றோம். உள்ளங்கை அளவு பூட்டு.

"உடைப்பமா?"

"உடைக்கத்தான் வேணும். நீ உடை."

"நான் ஏன்? நீதானே உபதலைவர்."

"அவர் என்ன சொல்லுவாரோ தெரியா."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து ஊரில் கதிரை கேட்போம் என்றார் ஒருவர். காத்தான்குடியில் வாடகைக்கு எடுப்போம் என்றார் இன்னொருவர். மச்சானும் நின்றார்.

எனக்கு அலுத்துவிட்டது. தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனேன். மனைவி படுத்தபடி கேட்டாள்.

"பந்தல் போட்டாச்சா?"

"இல்ல. சாவி இல்ல."

"அவர் எங்க கிடக்கிறார்?"

"முற்றத்து வெயில்ல."

"கோடாலிய எடுத்திட்டுப் போங்க."

"அவருக்காகவா?"

"ஆருக்கெண்டா என்ன. ஆரும் வெயில்ல கிடக்கப்படா."

போனேன். பூட்டு அசையவில்லை. கொண்டிதான் பலகையோடு பிடுங்குப்பட்டது. அதுவரை தள்ளி நின்றவர்கள் என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். முதல் தகரத்தைத் தூக்கியவர் மச்சான். தலைவர் நிழலில் கிடந்தார். முற்றம் நிறையச் சனம்.

சாமான்கள் எல்லாம் திரும்பி வந்ததும் அறைக் கதவை வலைக் கயிற்றால் கட்டினேன். "கயிறு போதும். பூட்டு வேணாம்" என்றேன். "ஓம் ஓம்" என்றார்கள்.

எட்டாம் நாள் கிரியை முடிந்து கூட்டம் வைத்தார்கள். உபதலைவர் முன்னுக்கு வந்து நின்று முகம் முகமாகப் பார்த்தார். கைகள் எழும்பின. என் கையும் எழும்பியது. பழக்கம். அந்தக் கிழமையே கதவுக்குப் புதுக் கொண்டியும் பூட்டும் வந்தன.

மனைவி கேட்டாள்.

"சாவி ஆரிட்ட?"

"புதுத் தலைவரிட்ட."

"இடுப்பிலயா?"

"ஓம்."



"கோடாலி?"

"கட்டிலுக்குக் கீழ."

"கிடக்கட்டும்" என்றாள்.