கூரையில் பூட்டாத சோலார்

போர் முடிந்து வெள்ளாங்குளத்தில் மீளக்குடியேறிய புதிதில் வீட்டுக்குச் சோலார் வாங்கினேன்.

“இருபது வருசம் உழைக்கும் அண்ணை,” என்றார் விற்றவர்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு பதற்றம். இடம்பெயர்ந்து ஓடியே பழகிய நாங்கள் எந்த வீட்டில் அவ்வளவு காலம் இருந்தோம்? சோலார் தகட்டைக் கூரையில் நட்டு முடுக்கிப் பூட்டாமல், தினமும் முற்றத்தில் சாத்திவைத்துப் பின்னேரம் உள்ளே எடுத்தேன். வேம்பின் நிழல் விழுந்து பற்றரி ஒருநாளும் நிறையவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டு, “குடுத்த காசுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை,” என்று ஏசினேன்.

“ஏன் மேல பூட்டேல்லை?” என்று கேட்டார்.

மனைவிதான் சொன்னாள்: “திரும்ப ஓட வேண்டி வந்தால் கழட்ட நேரம் இராதெண்டு இவருக்குப் பயம்.”

அவர் கூரையில் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்பானரோடு நானே ஏறிப் பூட்டினேன்.

இப்போது வீடு முழுக்க வெளிச்சம். கொடுத்த காசு வீணில்லை. ஆனாலும் அந்த ஸ்பானரை இன்றைக்கும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.