ஆண்டவருக்கு அட்ரஸ் எதுக்கு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய பட்டன் போனில் இருந்த எண்களைப் புதிய போனுக்கு மாற்றியது. மொத்தம் எண்பத்து மூன்று. அம்மா ஒவ்வொன்றாகப் படிக்க நான் பதிந்தேன். இறந்துபோன ஆறு பேரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் அம்மணி, அவங்க என்ன எடத்தையா அடைக்கறாங்க" என்றார்.

எண்பத்து நான்காவது எண் போனில் இல்லை. பைபிளுக்குள் இருந்த ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது.

"மௌனிகா, திருப்பூருன்னு போடு."

"நஞ்சம்மாக்கா பொண்ணா?"

"ஆமா. சனிக்கெழமை போகோணும். அவகிட்ட ஒரு காரியம் பாக்கி கெடக்குது."

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, அம்மா இறந்துவிட்டார். மாரடைப்பு. வயது அறுபத்து நான்கு.

அம்மாவின் பெயர் சுகிர்தம். சிங்காநல்லூரில் ஒரு மில்லில் பதினெட்டு வருடம் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தார். மில் மூடிய பிறகு வீட்டிலேயே தையல். சபையில் அவரைத் தெரிந்தது ஜெபத்தால்தான். புதன்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பதினான்கு பேர். கணவனின் குடி, மகனின் வேலை, மூட்டுவலி என்று ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து அம்மா கண்ணை மூடி ஜெபிப்பார். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். "சுகிர்தம் ஜெபிச்சா அடுத்த தெருவுக்கும் கேக்கும்" என்பார் அப்பா. அம்மா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

நஞ்சம்மாள் சோமனூரிலிருந்து வருவார். தறி ஓட்டுகிறவர். எங்களைப் போலப் பிறப்பால் கிறிஸ்தவர் இல்லை. நான்கு வருடமாக, ஞானஸ்நானம் எடுக்காமலே, இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். அவர் மகள் மௌனிகாவுக்குச் சபையிலேயே ஒரு பையனைப் பேசி முடித்திருந்தார்கள். 2017-இல் ஒரு புதன்கிழமை, கூட்டம் தொடங்கும் முன், சமையலறையில் அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னார். மௌனிகா ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். பையனிடம் அவளே சொல்லப்போகிறாள். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். ஜெபம் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

அரை மணி நேரத்தில் அம்மா ஜெபம் செய்தார். சத்தமாக. சோமனூர், மாத்திரை, கல்யாணம் எல்லாம் ஜெபத்தில் வந்தன. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பையனின் அத்தை.

கல்யாணம் நின்றது. நஞ்சம்மாள் கடைசியாக ஒரு தடவை வந்தார். நான் அன்று வீட்டில் இருந்தேன். அவர் வாசற்படி ஏறவில்லை.

"ஏனுங்கக்கா, நீங்க ஆண்டவர்கிட்டச் சொல்லுவீங்கன்னுதானுங்க உங்ககிட்டச் சொன்னேன். நீங்க இவிய எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டீங்களே."

"ஜெபத்துல என்ன தப்பு நஞ்சம்மா? நான் மனசு பாரத்தோடதான ஜெபிச்சேன்?"

அடுத்த புதனிலிருந்து அம்மாவின் ஜெபத்தில் புதிய குறிப்பு ஒன்று சேர்ந்தது: விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப்போன சகோதரி நஞ்சம்மாள். மூன்று வருடம் அவருக்காக அழுது ஜெபித்தார். அந்தக் கண்ணீர் நிஜமா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தவறாகக் காட்டும் மீட்டரைப் பொய் என்று நாங்கள் சொல்வதில்லை. தவறு என்று தெரிந்த பிறகும் அதை வைத்து அளந்தால்தான் பொய்.

அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். 2020 ஜூன், ஊரடங்கு. ஜெபக்கூட்டத்தைப் போனில் நடத்த ஏற்பாடு செய்து கொடுத்தேன். சேர முடியாதவர்களுக்காகப் பதிவும் செய்தேன். மறுநாள் ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தன் ஜெபத்தை அவர் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரே, சூலூர்ல, ரேஷன் கடைக்கு எதிர் ஊட்டுல, ரெண்டாவது மருமகளோட பேச்சுவார்த்தை இல்லாம இருக்கற உம்முடைய மகளைக் கண்ணோக்கிப் பாரும்..."

"நிறுத்து" என்றார். "மறுபடி போடு." மூன்று தடவை கேட்டார்.

"ஆண்டவருக்கு அட்ரஸ் எதுக்கு அம்மணி?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"ரேஷன் கடை எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா? அப்பறம் நான் யாருக்கு வழி சொல்லிட்டிருக்கேன்?"

அடுத்த புதன் அம்மா ஜெபிக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்றார். நான்கு வாரம் அதே தொண்டை. எல்லோரும் அதற்காக ஜெபித்தார்கள். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மிளகுக் கஷாயம் போட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அதை முழுக்கக் குடித்துவிட்டு, "பொய்த் தொண்டைக்கு நல்ல கஷாயம்" என்றார் அம்மா. ஐந்தாவது வாரம் போனில் பேசினார்.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லீங்க. ஜெபம்ங்கற பேர்ல இத்தன வருசமா ஊர்க்கதை சொல்லிட்டிருந்திருக்கேன். ஒரு பிள்ளையோட வாழ்க்கையக் கெடுத்துப்போட்டேன்."

பிறகு ஒரு குரல்: "ஏனுங்க சுகிர்தம், எந்தப் பிள்ளைங்க?"

"அதச் சொன்னா மறுபடியும் அதே தப்புத்தானுங்க."

அதன்பின் அம்மா சத்தமாக ஜெபிக்கவே இல்லை. விஷயம் அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அப்படி இல்லை என்பது அடக்கத்தன்றுதான் முழுதாகத் தெரிந்தது. பந்தலுக்கு வெளியே, கேட் ஓரம், நஞ்சம்மாள் நின்றிருந்தார்.

"உங்கம்மா மூணு தடவ எங்க ஊட்டுக்கு வந்தாங்க கண்ணு. சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"சபையில?"

"யாருக்கும் தெரியாதுங்க."

அதைக் கேட்ட பிறகுதான் மீதியைச் சொன்னார்.

"மொதத் தடவ நான் கதவே தொறக்கல. ரெண்டாவது தடவ, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, இல்ல கேட்டுப்போட்டேன்னு சபையில சாட்சி சொல்ல வந்தீங்களான்னு கேட்டேன். ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாங்க. போன மாசம் மறுபடி வந்தாங்க. உள்ள கூப்புட்டுத் தண்ணி குடுத்தேன். நான் மன்னிச்சுப்போட்டனுங்கக்கா, ஆனா கெட்டது எம்பட கல்யாணமா? மௌனிகா திருப்பூர்ல இருக்கறா, அவகிட்டப் போயிக் கேளுங்கன்னேன். நம்பர டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக்கிட்டாங்க." என்னைப் பார்த்துக் கேட்டார்: "போனாங்களா?"

"இல்லைங்க. சனிக்கிழமை போறதா இருந்தாங்க."

அந்தப் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. மௌனிகாவை நான் கூப்பிடலாம். ஆனால் என்ன சொல்வது? அவளிடம் அம்மா என்ன பேச இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல நான் சொன்னால், அதுவும் ஒருவர் விஷயத்தை இன்னொருவர் வாய்வழி கொண்டுபோவதுதான். அதைத்தான் அம்மா விட்டுவிட்டார்.

அலமாரியில் அம்மாவின் துணிப்பை மாட்டியிருக்கிறது. சனிக்கிழமைக்காக முன்கூட்டியே எடுத்துவைத்தது. தண்ணீர் பாட்டில், கண்ணாடி, ஒரு கைக்குட்டை. மௌனிகாவின் எண் போனில் பதிந்திருக்கிறது. அழைத்த எண்களின் பட்டியலில் இல்லை.