பத்திரமாக வைத்த படங்கள்

கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு என்மேல் ஒரே ஒரு புகார்தான். சம்பளம் வாங்கிய கையோடு மீன் வாங்கி வரச் சொன்னால், நான் புத்தகம் வாங்கி வருவேன். அதுவும் படித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுகிற புத்தகம் இல்லை. பழைய ஆங்கில நாவல்கள். தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து, உள்ளே வண்ணப் படங்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தாள் மூடியிருக்கும். நான் பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி. சௌராஸ்தா பாசாரில், சந்தைக்கு மேல்மாடியில் பழைய புத்தகம் விற்கிறவர்கள், இப்படி ஏதாவது வந்தால் எனக்கென்று ஒதுக்கி வைப்பார்கள்.

"எல்லாரும் காடி மாத்துறான், நீ அட்டை வாங்கிக்கிட்டு இருக்கே லா" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்களுடைய கார்களெல்லாம் இன்று எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதோ.

சீக்கிரமே அவளுக்கும் அந்தப் புத்தகங்கள் பிடித்துப்போயின. தமிழ்ப்பள்ளியில் படித்தவள், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். படங்கள்தான் அவளை இழுத்தன. மெல்லிய தாளை விரல் நுனியால் தூக்கி, ஒரே ஒரு படம் மட்டும் பார்ப்பாள். "இந்தப் பொம்பள ஏன் அழுவுறா?" என்பாள். நான் கதையை ஆரம்பிப்பதற்குள் மூடிவிடுவாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, கம்ப்யூட்டர் சில்லுகளில் குறை தேடுகிற வேலை அவளுக்கு. வீடு திரும்பும்போது கண்கள் சிவந்திருக்கும்.

"பத்திரமா வைங்க. வேலைய விட்டு நின்ன பெறகு ஒவ்வொரு படமா பாத்துக்கிட்டே கதை கேக்குறேன்."

பத்திரம் என்பது எங்கள் வீட்டு மந்திரம். விருந்தாளிக்கென்று வாங்கிய பீங்கான் தட்டுகள் பத்திரமாக இருந்தன. சோபா பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பழசாகிப்போனது. புத்தகங்களும் அப்படித்தான். சரஸ்வதி பூசைக்குச் சாமி முன்னால் அவற்றை அடுக்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"என்னங்க, இது மாட்டுத்தோலா?"

"சேச்சே, ஆட்டுத்தோல்" என்றேன். கன்றுக்குட்டித் தோல் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அத்தனையும் வாசலுக்கு வந்திருக்கும்.

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சுவரிலேயே ஈரம் கசியும். அதனால், சூட்டில் புத்தகங்கள் காய்ந்திருக்கட்டும் என்று கண்ணாடி அலமாரிக்குள் ஒரு சின்னப் பல்பை இரவு பகலாக எரிய விட்டிருந்தோம். தினமும் விளக்கேற்றிய கையோடு அந்தப் பல்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவள் நகர்வாள்.

அவள் வேலையை விட்டு நின்றாள். அதற்கு முன்பே இனிப்புநீர், அந்தச் சர்க்கரை வியாதி, அவள் கண்களுக்குள் புகுந்திருந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அலமாரிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. பல்பு எப்போது கருகியது என்று தெரியாது. கடைசியில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவு வெளிச்சம்தான் அவளுக்கு மிஞ்சியது. அத்தனை வருஷமாக அப்படி என்ன அவசரம் எங்களுக்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா? நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

போன மாதம், மழை விடாமல் பெய்த ஒரு மதியம், அவளே கேட்டாள். "கதை சொல்றேன்னீங்களே. அந்த அழுவுற பொம்பள கதை."

அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோலட்டையில் பூஞ்சணம் பூத்திருந்தது. வேட்டித் தலைப்பால் துடைத்தேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பதும் அதைத் தமிழில் சொல்வதுமாகப் போனது. "படம் வந்துடுச்சு" என்றேன்.

"தாளத் தூக்குங்க. அந்தச் சத்தம் கேக்கணும்."

தூக்கினேன். ஈரத்தில் தாள் படத்தோடு ஒட்டிப்போயிருந்தது. மெதுவாகத்தான் இழுத்தேன்; அப்படியும் அந்தப் பெண்ணின் முகம் தாளோடு உரிந்து வந்துவிட்டது. படத்தில் ஒரு வெள்ளைத் திட்டும் பச்சைப் பாவாடையின் ஓரமும்தான் மிச்சம்.

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

சொன்னேன். பச்சைப் பட்டுக் கவுன், கையில் கசங்கிய கைக்குட்டை, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர், தூரத்தில் போகிற குதிரை வண்டி. வண்டிக்காரனின் தொப்பி என்ன நிறம் என்பதுவரை சொன்னேன்.

"கலரெல்லாம் மங்கலையே?"

"புதுசு மாதிரியே இருக்கும்மா."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, பத்திரமா வச்சோம்" என்றாள்.