குதிரைக்கு உண்டு, நர்ஸுக்கு இல்லை

அறுபதுகளில் கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். மருந்து அலமாரிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவள் வார்டை விட்டு நகரக் கூடாது. அடுத்த நர்ஸ் வந்து வாங்கினால்தான் விடுதலை.

ஒரு மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரிந்து, பஸ் கீழே பெருமாள்மலையோடு நின்றுவிட்டது. அடுத்த நர்ஸ் வரவில்லை. அன்று காலையில் நான் வாங்கிய சாவி மறுநாள் மத்தியானமும் என் இடுப்பிலேயே கிடந்தது.

"கண்ணு சொருகுதுங்க மேட்ரன்" என்றேன்.

"வேற ஆளு இல்ல. நீதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சற்று நேரத்தில், பள்ளங்கியிலிருந்து வந்திருந்த பூண்டு விவசாயி ஒருவருக்கு இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவர் முகர்ந்து பார்த்து நிறுத்தினார்.

"தாயி, இது மேலுக்குத் தேய்க்கிற மருந்துல்ல?"

வெடுக்கென்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"எப்ப வேலைக்கு வந்தீங்க?"

"நேத்துக் காலையில."

"பூண்டு மூட்டை சுமக்குற எங்க குதிரைக்கே ஒரு நாளைக்கு ஒரு நடைதான். அதுக்கு மேல ஏத்துனா கால் இடறிருமுல்ல!"

நடந்ததை நானே மேட்ரனிடம் சொன்னேன். விளக்கம் எழுதித் தரச் சொன்னார். 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மில் தொழிலாளிக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று சட்டம் வந்துவிட்ட காலம் அது. நோயாளிகளின் உயிரைக் கையில் வைத்திருந்த எங்களுக்கு எந்த வரம்பும் கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை. 'நேற்றுக் காலையிலிருந்து தூங்கவில்லை' என்று ஒரு வரி நானாவது எழுதியிருக்க வேண்டும்.

மருந்து மாறியதை அந்த விவசாயி அன்றே மன்னித்துவிட்டார். அந்த ஒரு வரியை விட்டதற்கு நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.